இத்தாலியச் சட்டத்தை இணையத்தில் தேடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, படிப்பு, திருமணம், வணிகம், ஆய்வு என்று ஏதோ ஒரு காரணத்தால் இத்தாலியச் சட்டத்தைப் படித்தாக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையானதில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கையில் இருப்பது எந்தத் தேதியின் வாசகம் என்று தெரியாமல் படித்தால், கிடைத்ததும் பயன்படாது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் குடியுரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1992 பிப்ரவரி 5 தேதியிட்ட 91-ஆம் எண் சட்டம் அது. 2025-இல் அதில் நடந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்தாலே தேடும் வழிகள் பாதி பிடிபட்டுவிடும்.

முதலில் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும்?

நொர்மாத்தீவா. 2010-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அரசுத் தளம். முகவரியும் அதே பெயர்தான், கடைசியில் டாட் ஐடி. 1861-இல் இத்தாலி ஒரே நாடானது முதல் வந்த எண்ணிட்ட தேசியச் சட்டங்கள் இதில் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், பதிவு செய்யவும் வேண்டாம்.

ஒரு சட்டத்தை அங்கே மூன்று விதமாகப் பார்க்கலாம்: முதன்முதலில் வெளியான வாசகம், இன்று நடைமுறையில் உள்ள வாசகம், நீங்கள் குறிப்பிடும் ஒரு தேதியில் நடைமுறையில் இருந்த வாசகம். மூன்றாவதுதான் இந்தத் தளத்தின் பெரிய கொடை. 91-ஆம் எண் சட்டத்தை எடுத்து 2025 மார்ச் 28 என்று தேதி கொடுங்கள். பிறகு மார்ச் 29 என்று கொடுங்கள். முதலாவதில் 3-பிஸ் என்ற பிரிவே இருக்காது. இரண்டாவதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் வைத்திருக்கும் வம்சாவளியினரில் பெரும்பாலோருக்குக் கதவை மூடிய பிரிவு அது. ஒரே நாள் வித்தியாசத்தில் ஒருவரின் உரிமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

தேடுபெட்டியில் என்ன தட்டச்சு செய்வது?

சட்டத்தின் வகை, எண், ஆண்டு. இந்த மூன்றும் தெரிந்தால் பொதுச் சொற்களைப் போட்டுத் தேடவே வேண்டாம். தெரியாவிட்டால், அதைப் பற்றிய ஏதாவது ஒரு செய்திக் கட்டுரையைத் திறந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை சொல்லும் விளக்கத்தை அப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஆண்டு இல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 2018-இன் 132-ஆம் எண் சட்டம் குடியேற்றமும் பாதுகாப்பும் பற்றியது. குடியுரிமை கேட்பவருக்கு பி1 அளவு இத்தாலிய மொழியறிவு வேண்டும் என்ற நிபந்தனை அந்த வழியாகத்தான் வந்தது. 2025-இன் 132-ஆம் எண் சட்டமோ செயற்கை நுண்ணறிவு பற்றியது.

சட்டத்தின் எண்ணுக்கு முன்னால் வரும் வகைப் பெயர்கள் என்ன?

நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டம் லெஜ்ஜே. அரசு அவசரத்துக்குப் போடுவது தெக்ரேத்தோ லெஜ்ஜே, அதாவது அவசரச் சட்டம். நாடாளுமன்றம் எல்லை வகுத்து அதிகாரம் கொடுத்த பின் அரசு எழுதுவது தெக்ரேத்தோ லெஜிஸ்லாத்தீவோ. இந்த இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவில் வருவது, தற்காலிகமானது. இரண்டாவது 76-ஆம் பிரிவின்படி வருவது, நிலையானது. இவை போகக் குடியரசுத் தலைவர் ஆணைகள் உண்டு, மன்னர் காலத்து ஆணைகளும் உண்டு. இன்றைய சிவில் சட்டத் தொகுப்பே 1942 மார்ச் 16 தேதியிட்ட 262-ஆம் எண் அரச ஆணையாக வந்ததுதான். குற்றவியல் தொகுப்பு அதற்கும் முந்தையது, 1930-இன் 1398-ஆம் எண் ஆணை. முசோலினி காலத்தில் எழுதப்பட்டுக் குடியரசுக் காலத்தில் எத்தனையோ முறை திருத்தப்பட்ட இந்த இரண்டு தொகுப்புகளும் இன்னும் நடைமுறையில் உள்ளன.

பிரிவு எண்ணுக்குப் பின்னால் பிஸ், தெர், குவாத்தெர் என்று வந்தால் பிற்பாடு நுழைத்த பிரிவுகள் என்று பொருள். 3-பிஸ் என்றால் 3-க்கும் 4-க்கும் நடுவே செருகிய தனிப் பிரிவு. மூன்றாம் பிரிவின் உட்பிரிவு என்று அதைப் படித்துவிடாதீர்கள். உட்பிரிவுக்குக் கொம்மா என்று பெயர்.

அவசரச் சட்டம் வந்ததும் அதையே சட்டமாக எடுத்துக்கொள்ளலாமா?

அது உடனே அமலுக்கு வந்துவிடும், சரி. ஆனால் 60 நாட்களுக்குள் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக மாற்றாவிட்டால், தொடக்கத்திலிருந்தே இல்லாததுபோல் ஆகிவிடும். மாற்றும்போது நாடாளுமன்றம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதும் இல்லை.

குடியுரிமை விஷயத்தில் இதுதான் நடந்தது. 2025 மார்ச் 28-இல் 36-ஆம் எண் அவசரச் சட்டம் வெளியானது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியில் பிறந்த இத்தாலியக் குடிமக்களா என்பதை அது முக்கிய அளவுகோலாக வைத்தது. மே 23-இன் 74-ஆம் எண் சட்டம் அதை நிலையாக்கும்போது அந்த அளவுகோலையே மாற்றியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியக் குடியுரிமையை மட்டும் வைத்திருக்கிறாரா, அல்லது இறக்கும்போது அதை மட்டும் வைத்திருந்தாரா என்பதே இப்போது கேள்வி. ஏப்ரலில் எழுதிய நல்ல கட்டுரைகூட ஜூனில் தவறான வழிகாட்டியாகிவிட்டது. இன்றும் தேடுபொறியில் அந்த ஏப்ரல் கட்டுரைகள் மேலே வருகின்றன. அதனால் அவசரச் சட்டத்தை மேற்கோள் காட்டும் எதைப் படித்தாலும், அதை மாற்றிய சட்டத்தின் எண்ணும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நொர்மாத்தீவா இருக்கும்போது அரசிதழ் எதற்கு?

நொர்மாத்தீவா தருவது திருத்தங்களைக் கோத்துத் தொகுத்த வாசகம். அதற்கு அதிகாரபூர்வத் தகுதி இல்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. அதிகாரபூர்வமானது கட்ஸெத்தா உஃபிச்சாலே என்கிற அரசிதழ். அதன் இணையப் பதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். அச்சுப் பதிப்புக்கும் அதற்கும் வேறுபாடு இருந்தால் அச்சில் உள்ளதே செல்லும். நீதிமன்றத்திலோ ஆய்வேட்டிலோ மேற்கோள் காட்டுபவர்கள் கடைசியில் அரசிதழோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

தேதிகளுக்கும் அரசிதழ்தான் வேண்டும். ஒரு சட்டத்துக்கு மூன்று தேதிகள் உண்டு: கையெழுத்தான தேதி, அரசிதழில் வெளியான தேதி, அமலுக்கு வந்த தேதி. சட்டம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், வெளியானதிலிருந்து 15-ஆம் நாளில் அமலுக்கு வரும். மேலே சொன்ன செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தையே பாருங்கள்: பெயரில் இருப்பது 2025 செப்டம்பர் 23, அரசிதழில் வந்தது செப்டம்பர் 25, அமலுக்கு வந்தது அக்டோபர் 10.

பொது வரிசை ஞாயிறும் விடுமுறையும் தவிர்த்து நாள்தோறும் வரும். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குத் தனி வரிசை உண்டு, அது புதன்கிழமைகளில். மாநிலங்களுக்கானது சனிக்கிழமைகளில்.

இன்றைய வாசகத்தைத் திறந்தேன். அதில் உள்ளதெல்லாம் செல்லுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்களோ எல்லோரும்தான். அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னால், தீர்ப்பு வெளியான மறுநாளே அந்தப் பிரிவின் சக்தி போய்விடும். ஆனால் நொர்மாத்தீவாவில் பிரிவின் சொற்கள் பெரும்பாலும் பழையபடியே நிற்கும். தீர்ப்பு பற்றிய செய்தி பிரிவுக்குக் கீழே, அஜ்ஜொர்நமெந்தோ என்ற தலைப்பில் குறிப்பாக வரும்.

பிள்ளையின் குடும்பப் பெயர் பற்றிய தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். தகப்பன் பெயர் தானாகவே பிள்ளைக்குப் போகும் என்ற விதியை 2022-இன் 131-ஆம் எண் தீர்ப்பு செல்லாததாக்கியது. பெற்றோர் இருவரின் பெயரும் அவர்கள் ஒத்துக்கொண்ட வரிசையில் சேரும், இருவரும் சம்மதித்தால் ஒருவர் பெயர் மட்டும் போதும் என்பதே இப்போதைய நிலை. சிவில் தொகுப்பின் 262-ஆம் பிரிவைப் படித்துவிட்டுக் கீழே உள்ள குறிப்பை விட்டவர் இதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்வார். பக்கத்தின் அடிவரை உருட்டிப் படியுங்கள். இரட்டை அடைப்புக்குறிக்குள் வரும் சொற்கள் அண்மையில் திருத்தியவை. அவற்றையும் கவனியுங்கள்.

அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புகள் எங்கே?

கொர்த்தே கொஸ்தித்துட்ஸியோனாலே, அதாவது அந்த நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில். அது இயங்கத் தொடங்கிய 1956-இலிருந்து எல்லாத் தீர்ப்புகளும் முழுமையாக இருக்கின்றன. எண்ணும் ஆண்டும் போட்டால் வந்துவிடும். முக்கியமான சிலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் அங்கேயே உண்டு.

குடியுரிமையில் ஆர்வமுள்ளவர்கள் இரண்டு பழைய தீர்ப்புகளையாவது படிக்க வேண்டும். வெளிநாட்டவரை மணந்த பெண் இத்தாலியக் குடியுரிமையை இழப்பாள் என்ற விதியை வீழ்த்தியது 1975-இன் 87-ஆம் எண் தீர்ப்பு. தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை சேரும் என்றது 1983-இன் 30-ஆம் எண் தீர்ப்பு. இரண்டும் 1912-இன் 555-ஆம் எண் சட்டத்தைப் பற்றியவை. பெண்ணைக் கணவனின் நிழலாக மட்டும் பார்த்த ஒரு சட்டத்தை, நாடாளுமன்றம் கை வைக்கும் முன்பே நீதிமன்றம் படிப்படியாகக் கழற்றியது இவற்றில் தெரியும். படிக்கச் சுருக்கமானவை, எழுத்தும் தெளிவு.

கஸ்ஸாட்ஸியோனே தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாமா?

கஸ்ஸாட்ஸியோனே என்பது சிவில், குற்றவியல் வழக்குகளின் கடைசி நீதிமன்றம். அதன் சென்டென்ட்ஸே வெப் என்ற தேடுதளத்தில் கடந்த 5 ஆண்டுகளின் தீர்ப்புகள் முழு வாசகமாக இலவசமாய்க் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சந்தா தேவை. சிவிலுக்கும் குற்றவியலுக்கும் எண் வரிசை வேறு வேறு. எனவே எண்ணையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, சிவிலா குற்றவியலா என்றும் குறியுங்கள்.

முந்தைய தீர்ப்பு இங்கே கீழ் நீதிமன்றங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இந்தியா, இலங்கை, பிரிட்டன் சட்டத்தைப் படித்தவர்கள் இங்கே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தாலிய நீதிபதி முதலில் பார்ப்பது சட்டத் தொகுப்பை. ஆனாலும் கஸ்ஸாட்ஸியோனே சொன்னதற்கு நடைமுறையில் பெரிய மதிப்பு உண்டு. அதிலும் ஸெட்ஸியோனி உனீத்தே என்கிற கூட்டு அமர்வு சொன்னதைத் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. ஒரே கேள்விக்கு அந்த நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகள் வெவ்வேறு பதில் சொல்லியிருந்தால், கூட்டு அமர்வு பிற்பாடு தலையிட்டதா என்று தேடிப் பாருங்கள்.

மாஸ்ஸிமா என்று ஒன்று கண்ணில் படும். தீர்ப்பின் சாரத்தை நீதிமன்றத்தின் தனி அலுவலகம் சில வரிகளில் வடித்துத் தருவது. நேரம் மிச்சமாகும். ஆனால் வழக்கின் உண்மைகள் அதில் உதிர்ந்துபோயிருக்கும். அதை மட்டும் படித்து வாதம் கட்டக் கூடாது.

கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள்?

இங்கேதான் கதவு பாதி மூடியிருக்கிறது. 2023 கடைசியில் நீதி அமைச்சகம் சிவில் தீர்ப்புகளுக்கான பொதுத் தரவுத்தளம் ஒன்றைத் திறந்தது. உள்ளே போக ஸ்பிட் போன்ற இத்தாலிய மின்னணு அடையாளம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. மக்கள் பெயரால் சொல்லப்படும் தீர்ப்பை மக்கள் எங்கிருந்தும் படிக்க முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிர்வாக நீதிமன்றங்கள் இதில் முன்மாதிரி. தார் எனப்படும் மாநில நிர்வாக நீதிமன்றங்களும், மேல்முறையீட்டுக்கான கொன்சீல்யோ தி ஸ்தாத்தோவும் ஒரே தளத்தைப் பகிர்கின்றன. பெயர் ஜுஸ்தீட்ஸியா அம்மினிஸ்த்ராத்தீவா. அடையாள அட்டை எதுவும் இல்லாமல் முழுத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கலாம்.

ஒரு சட்டம் ஏன் இப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, அதுவும் அருமையான வழி. கீழவையான காமெராவுக்கும் மேலவையான செனாத்தோவுக்கும் தனித்தனித் தளங்கள். மசோதா எண்ணைக் கொடுத்தால் எந்த நாளில் எந்தக் குழுவில் என்ன பேசினார்கள், எந்தத் திருத்தம் தோற்றது என்பது வரை வரும். இப்போதைய நாடாளுமன்றம் 19-ஆவது, 2022 அக்டோபர் 13-இல் கூடியது. தேடும்போது நாடாளுமன்ற வரிசை எண் சரிதானா என்று பாருங்கள். பழைய மசோதாக்களுக்கும் அதே எண்கள் இருக்கும்.

அங்கே தோஸ்ஸியே என்ற பெயரில் ஆய்வுப் பிரிவின் குறிப்பேடுகள் கிடைக்கும். பழைய விதி என்ன, புதிய மசோதா எதை மாற்றுகிறது, அது பற்றி அரசியலமைப்பு நீதிமன்றம் முன்பு என்ன சொன்னது, ஐரோப்பியச் சட்டத்தோடு பொருந்துமா என்று கட்சி சாராமல் எழுதியிருப்பார்கள். ஒரு தலைப்பை அடியிலிருந்து புரிந்துகொள்ள இதைவிட நல்ல இலவச வாசிப்பு எனக்குத் தெரியாது. 36-ஆம் எண் அவசரச் சட்டத்துக்கும் இப்படி எழுதியிருக்கிறார்கள். முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் சட்டத்துக்குப் போங்கள்.

இத்தாலியன் தெரியாது. என்ன செய்வது?

அரசியலமைப்பின் ஆங்கில வடிவம் செனாத்தோ தளத்தில் இருக்கிறது. 139 பிரிவுகள்தான், ஓர் இரவில் படித்துவிடலாம். மற்றபடி சட்டத் தொகுப்புகளுக்கு அரசு தரும் முழுமையான ஆங்கிலப் பதிப்பு என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஜெர்மன் தெரிந்தால் பொல்ட்ஸானோ மாகாணம் உதவும். அங்கே ஜெர்மனும் ஆட்சிமொழி, மாகாணச் சட்டங்கள் இரண்டு மொழியிலும் வருகின்றன.

கலைச்சொற்களுக்கு ஒரு நல்ல வழி யூர்-லெக்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்தத் தளத்தில் ஒரே சட்டத்தை இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தனியுரிமைச் சட்டத்தில் இறங்குபவர்கள் 2016-இன் 679-ஆம் எண் ஒன்றிய ஒழுங்குமுறையை இரு மொழியில் திறந்து சொற்களைக் குறித்துக்கொண்டு, பிறகு 2003-இன் 196-ஆம் எண் இத்தாலியத் தொகுப்புக்குப் போகட்டும். அது 2018-இன் 101-ஆம் எண் ஆணையால் ஐரோப்பிய விதிக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. சொற்கள் கைக்கு வந்திருப்பதால் படிக்க இலகுவாக இருக்கும்.

ப்ரொகார்தி, அல்தாலெக்ஸ் போன்ற தளங்களை நம்பலாமா?

படிக்க நம்பலாம், மேற்கோள் காட்ட வேண்டாம். ப்ரொகார்தி சட்டத் தொகுப்புகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்து விளக்கமும் தருகிறது. புதிதாக நுழைபவர்களுக்கு நல்ல துணை. எடுத்த வாசகத்தை நொர்மாத்தீவாவில் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

கட்டணத் தளங்களில் ஜுஃப்ரே பதிப்பகத்தின் தெஜூரே, வோல்ட்டர்ஸ் க்ளூவரின் ஒன் லெகாலே, 1876-இல் தொடங்கிய ஃபோரோ இத்தாலியானோ இதழின் காப்பகம் ஆகியவை பெயர்பெற்றவை. இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் சந்தா கட்டுமுன் நூலகத்தில் கேளுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டுவிட்டால் போதாதா?

தேடுசொற்களைப் பெற, நீண்ட தீர்ப்பின் பொதுப் போக்கை அறிய உதவும். தீர்ப்பு எண்ணை மட்டும் அதனிடமிருந்து அப்படியே எடுக்காதீர்கள். 2025 மார்ச்சில் புளோரன்ஸ் நீதிமன்றத்தின் ஓர் ஆணையில் இது வெளிச்சத்துக்கு வந்தது: ஒரு தரப்பின் மனுவில் காட்டியிருந்த கஸ்ஸாட்ஸியோனே தீர்ப்புகள் உண்மையில் இல்லாதவை, செயலி கற்பித்தவை. அந்த ஆண்டே வந்த 132-ஆம் எண் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தும் வழக்கறிஞர் போன்ற தொழில்முறையாளர்கள் அதைக் கட்சிக்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. எண் கிடைத்தால் சென்டென்ட்ஸே வெப்பில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இத்தாலியில் வாழும் தமிழர்கள் அன்றாடத் தேவைக்கு எந்தச் சட்டங்களைக் குறித்துவைக்க வேண்டும்?

பலெர்மோ, ரெஜ்ஜோ எமிலியா, போலோஞா போன்ற ஊர்களில் ஈழத்தமிழர் குடும்பங்கள் வேரூன்றிவிட்டன. அவர்களுக்கு மூன்று எண்கள் முக்கியம். வெளிநாட்டவர் பற்றிய அடிப்படைச் சட்டம் 1998-இன் 286-ஆம் எண் தெக்ரேத்தோ லெஜிஸ்லாத்தீவோ. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று சொல்வது 1999-இன் 394-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை. மூன்றாவது, முன்பே சொன்ன 91.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் குடியுரிமை கேட்க 10 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்கிறது 91-இன் 9-ஆம் பிரிவு. அதை 5 ஆக்கக் கோரி 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. போதிய வாக்காளர்கள் வராததால் அது செல்லாமல் போனது. "5 ஆண்டு போதும்" என்று சுற்றும் செய்திகளை நம்பி யாரும் பணம் கட்டிவிட வேண்டாம்.

அலுவலகத்தில் சுற்றறிக்கை என்று ஒன்றைக் காட்டினால் அதன் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். அமைச்சகத்தின் சுற்றறிக்கை அதிகாரிகளுக்கான வழிகாட்டல். அதற்குச் சட்டத்தின் பலம் இல்லை. உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மட்டும் தளங்களோடு நிற்காதீர்கள். மேல்முறையீட்டுக் கெடு குறுகியது, உடனே வழக்கறிஞரையோ தொழிற்சங்க உதவி மையத்தையோ பாருங்கள்.

மாநிலச் சட்டங்களை எங்கே தேடுவது?

20 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசிதழும் சட்டத் தரவுத்தளமும் உண்டு. மருத்துவ சேவை, தொழிற்பயிற்சி, வீட்டு வசதி பற்றிய கேள்வி என்றால் தேசியச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த மாநில மன்றத்தின் தளத்தையும் பாருங்கள். யாருக்கு எந்த அதிகாரம் என்பது அரசியலமைப்பின் 117-ஆம் பிரிவில் இருக்கிறது. 2001-இல் திருத்திய வாசகத்தைப் படிக்க வேண்டும்.

மிகப் பழைய சட்டத்தின் அசல் பக்கம் வேண்டும். கிடைக்குமா?

1860 முதல் 1946 வரையிலான அரசிதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஔகுஸ்தோ என்ற அரசுத் தளத்தில் வைத்திருக்கிறார்கள், இலவசமாக. 1912-இன் 555-ஆம் எண் சட்டம் வெளியான இதழையும் அங்கே பார்க்கலாம். தேட வேண்டியது அரசிதழின் தேதியை வைத்து. சட்டத்தின் தேதி ஜூன் 13 என்றாலும் அரசிதழில் வந்த நாள் வேறு. அந்த நாளை நொர்மாத்தீவாவில் சட்டத்தின் தலைப்புக்கு அருகிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு ஔகுஸ்தோவுக்குப் போனால் நேரே அந்தப் பக்கத்தில் இறங்கலாம்.